சேமித்தால் நாடு வளருமா, வருமானம் விழுமா? இரண்டாம் ஆண்டு மேக்ரோ பற்றி ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: பி.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். முதலாண்டு மேக்ரோவில், அதாவது நாட்டின் மொத்தப் பொருளாதாரம் பற்றிய தாளில், நல்ல மதிப்பெண். இப்போது ஐஎஸ்-எல்எம் (சரக்குச் சந்தையையும் பணச் சந்தையையும் சேர்த்துப் பார்க்கும் இரண்டு கோடுகள்), சோலோ மாதிரி (நீண்டகால வளர்ச்சி பற்றியது), பிலிப்ஸ் வளைகோடு (பணவீக்கமும் வேலையின்மையும் பற்றியது) என்று வந்ததும் படம் போட முடிகிறது, ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் கை நின்றுவிடுகிறது. பிளஸ் டூவில் கணிதம் எடுக்கவில்லை, அதுதான் காரணமா, மூன்று மாதம் கால்குலஸ் படித்துவிட்டு வரலாமா என்று கேட்கிறீர்கள். போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: சேமித்தால் நாடு வளரும் என்கிறது ஒரு அத்தியாயம், சேமித்தால் வருமானம் விழும் என்கிறது இன்னொரு அத்தியாயம், எதைத்தான் நம்புவது? என் கணிப்பில் உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான். கணிதம் அப்புறம்.

கல்லூரியில் இந்தத் தாளைப் பல வருடமாக எடுத்து, விடைத்தாள்களும் திருத்தி வருகிறேன். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் சொல்கிறேன். கொள்கை வகுக்கிற இடத்தில் இருந்ததில்லை, எம்.ஏ.வுக்கு மேலே வரும் டைனமிக் மாதிரிகளைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். விடைத்தாள்களில் நான் அடிக்கடி பார்ப்பது இப்படி இருக்கும்: “அரசு செலவு கூடினால் ஐஎஸ் கோடு வலப்பக்கம் நகரும், அதனால் வருமானமும் வட்டியும் கூடும்.” படம் சுத்தமாக இருக்கும், அம்புக்குறியும் இருக்கும். ஆனால் கோடு நகர்ந்ததால் யாருக்கும் வருமானம் கூடுவதில்லை. அரசு சாலை போட ஆர்டர் கொடுத்தது, காண்டிராக்டர் கூலி கொடுத்தார், கூலி வாங்கியவர் கடையில் செலவழித்தார். கொடுக்கல் வாங்கல் பெருகியதால் எல்லோருக்கும் கையிருப்புப் பணம் கூடுதலாகத் தேவைப்பட்டது, பணத்தின் மொத்த அளவோ கூடவில்லை. பத்திரங்களை விற்றுப் பணமாக்கப் பார்த்தார்கள், பத்திர விலை இறங்கி வட்டி ஏறியது. வட்டி ஏறியதால் திருப்பூரில் ஒருவர் புது நிட்டிங் மெஷினுக்குக் கடன் வாங்குவதைத் தள்ளிப்போட்டார். இவ்வளவையும்தான் அந்த இரண்டு கோடுகள் மடித்து வைத்திருக்கின்றன. ஐஎஸ் கோடு என்பது யாருடைய நடத்தையும் இல்லை. சரக்குச் சந்தையில் உற்பத்தியும் தேவையும் ஒத்துப்போகிற வருமானம்-வட்டி ஜோடிகளின் தொகுப்பு, அவ்வளவுதான். நுண்பொருளியலில் பார்த்த தேவைக் கோட்டைப் போல அதைப் படிக்கும்போதுதான் கை நின்றுபோகிறது.

இப்போது உங்கள் சேமிப்புக் கேள்விக்கு வருவோம். இதைப் பேச்சில் சொன்னால் புரிந்த மாதிரி இருக்கும், ஒரு வாரத்தில் மறந்துவிடும். அதனால் எண்களோடு. பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். அலகு ஆயிரம் கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். நுகர்வு = 100 + 0.8 × (வருமானம் − வரி). முதலீடு = 200 − 10 × வட்டி. அரசு செலவு 150, வரி 100. பணத்துக்கான தேவை = 0.5 × வருமானம் − 25 × வட்டி, பண அளிப்பு 700. விலை மட்டம் அசையவில்லை. வெளிநாட்டு வர்த்தகம் இல்லை. முதல் மூன்றையும் கூட்டி வருமானத்துக்குச் சமன் செய்தால் வருமானம் = 1850 − 50 × வட்டி என்று வரும், அது ஐஎஸ். பணச் சந்தையிலிருந்து வருமானம் = 1400 + 50 × வட்டி, அது எல்எம். இரண்டும் சந்திக்கிற இடத்தில் வட்டி 4.5, வருமானம் 1625. நுகர்வு 1320, முதலீடு 155. மக்களின் சேமிப்பு, அதாவது வருமானத்தில் வரியும் நுகர்வும் போக மிச்சம், 205. அந்த 205இல் 155 முதலீட்டுக்குப் போகிறது, 50 அரசின் பற்றாக்குறையை அடைக்கிறது. கணக்கு சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

இனி மக்கள் திடீரென்று சிக்கனமாகிறார்கள். எந்த வருமானத்திலும் முன்பைவிட 20 குறைவாகச் செலவழிக்க முடிவு செய்கிறார்கள், நுகர்வுச் சமன்பாட்டின் 100 இப்போது 80 ஆகிறது. மொத்தச் சேமிப்பு எவ்வளவு கூடும்? இங்கே நின்று திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: மத்திய வங்கி என்ன செய்கிறது?

மத்திய வங்கி வட்டியை 4.5இலேயே பிடித்து வைத்திருக்கிறது என்று வையுங்கள். வருமானம் 1525க்கு விழுகிறது, முழுசாக 100 போய்விடுகிறது. நுகர்வு 1220. சேமிப்பு 1525 − 100 − 1220 = 205. முன்பிருந்த அதே 205! எல்லோரும் 20 கூடுதலாகச் சேமிக்கப் பார்த்தார்கள், ஒரு பைசா கூடவில்லை, வருமானம் மட்டும் போனது. பொருளியலாளர் கேன்ஸ் 1936இல் வெளியிட்ட நூலிலிருந்து பாடப்புத்தகங்களுக்கு வந்த சிக்கன முரண் இதுதான். அடுத்து, மத்திய வங்கி வட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் பண அளவை 700இலேயே வைத்திருக்கிறது என்று வையுங்கள். வருமானம் குறைய, பணத் தேவை குறைகிறது, வட்டி 3.5க்கு இறங்குகிறது, முதலீடு 165 ஆகிறது. வருமானம் 1575, சேமிப்பு 215. இப்போது 10 கூடியிருக்கிறது, வருமானத்தில் 50 இழந்த பிறகு. மூன்றாவதாக, வேலைவாய்ப்பு குறையவே கூடாது என்று மத்திய வங்கி வட்டியை 2.5 வரை இறக்குகிறது, அதற்காகப் பண அளவை 750 ஆக்குகிறது. வருமானம் 1625இலேயே நிற்கிறது. முதலீடு 175, சேமிப்பு 225. ஆசைப்பட்ட 20ம் முழுசாகச் சேர்ந்துவிட்டது, அது அப்படியே முதலீடாக மாறியிருக்கிறது.

இந்த மூன்றாவது உலகம்தான் சோலோவின் அத்தியாயம். அங்கே வருமானம் எப்போதும் முழுத் திறனில் இருக்கிறது, சேமித்தது தானாக மூலதனமாகிறது என்பது முதல் வரியிலேயே அனுமானமாக உட்கார்ந்திருக்கிறது. முதல் உலகம் முதலாண்டில் நீங்கள் படித்த பெருக்கி அத்தியாயம் (செலவு ஒரு ரூபாய் மாறினால் வருமானம் எத்தனை ரூபாய் மாறும் என்பதுதான் பெருக்கி). மக்கள் நடந்துகொள்ளும் விதம் மூன்றிலும் ஒன்றுதான், எதை அசையவிட்டோம், எதைப் பிடித்து வைத்தோம் என்பது மட்டும் மாறுகிறது. உங்கள் இரண்டு அத்தியாயங்களும் சண்டை போடவில்லை, வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. இந்தத் தாளில் எந்தக் கேள்வி வந்தாலும் பேனாவை வைப்பதற்கு முன் இரண்டு பட்டியல் போடச் சொல்வேன்: வெளியிலிருந்து தரப்பட்டவை எவை, மாதிரிக்குள் தீர்மானமாகிறவை எவை. திருப்பிக் கேட்கப்படுகிற கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரு பொருளை ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கேட்பதுதான்.

மூன்றாவது வழி எப்போதும் திறந்திருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வட்டி ஏற்கெனவே பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் இன்னும் இரண்டு புள்ளி இறக்க இடமில்லை. அமெரிக்காவில் 2008 டிசம்பரிலிருந்து 2015 டிசம்பர் வரை அப்படித்தான் இருந்தது. ஜப்பான் அதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. சிக்கன முரண் பழங்கதை என்று ஒதுக்கிவைத்தவர்கள் அந்த வருடங்களில் மறுபடி அதை எடுத்துப் படித்தார்கள்.

சோலோவில் ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும்: மட்டம் வேறு, வளர்ச்சி வேகம் வேறு. சேமிப்பு விகிதம் உயர்ந்தால் தலைக்குரிய வருமானம் உயர்ந்த மட்டத்துக்குப் போகும். போகிற வழியில் வேகம் கூடும், போய்ச் சேர்ந்த பிறகு வேகம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். எவ்வளவு உயரும்? காப்-டக்ளஸ் உற்பத்திச் சார்பில் (மூலதனமும் உழைப்பும் சேர்ந்து எவ்வளவு உற்பத்தி தரும் என்ற சூத்திரம்) மூலதனத்தின் பங்கு மூன்றில் ஒன்று என்று எடுத்தால், சேமிப்பு விகிதத்தை இரட்டிப்பாக்கினாலும் நிலைத்த நிலை வருமானம், அதாவது கடைசியில் போய்ச் சேரும் மட்டம், இரண்டின் வர்க்கமூல அளவுக்குத்தான், அதாவது சுமார் 41 சதவீதம்தான் கூடும். பணக்கார நாடுகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசமோ பல மடங்கு. ஆகவே அந்த வித்தியாசத்தைச் சேமிப்பு மட்டும் விளக்காது. 1956இல் எழுதிய கட்டுரையில் தொழில்நுட்பத்தை வெளியிலிருந்து வருவதாக வைத்தார் சோலோ. அதை மாதிரிக்குள் கொண்டுவர 1980களில் ஒரு தலைமுறையே உழைத்தது. தேர்வுக்கு இந்த 41 சதவீதக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், அந்த அத்தியாயம் முழுவதும் அடங்கிவிடும்.

பிலிப்ஸ் வளைகோட்டின் கதை வேறு மாதிரி. நியூசிலாந்துக்காரரான பிலிப்ஸ் அடிப்படையில் மின் பொறியாளர். 1949இல் லண்டனில், தேசிய வருமானம் எப்படி ஓடுகிறது என்று காட்ட, குழாய்களிலும் தொட்டிகளிலும் வண்ண நீர் ஓடும் ஒரு இயந்திரத்தையே கட்டினார். படத்தைத் தேடிப் பாருங்கள், பாடப்புத்தகத்தைவிட சுவாரசியமாக இருக்கும். 1958இல் அவர் வெளியிட்டது 1861 முதல் 1957 வரை பிரிட்டனில் கூலி உயர்வுக்கும் வேலையின்மைக்கும் இருந்த தொடர்பு. அதில் எதிர்பார்ப்பு என்ற சொல்லுக்கே வேலை இல்லை. பணவீக்கத்தைக் கொஞ்சம் ஏற்றுக்கொண்டால் வேலையின்மையைக் குறைத்துவிடலாம் என்று பின்னால் வந்தவர்கள் அதை ஒரு மெனு கார்டாகப் படித்தபோது, பொருளியலாளர்கள் ஃபிரீட்மனும் ஃபெல்ப்ஸும் 1960களின் கடைசியில், மக்கள் பணவீக்கத்தை எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டால் கோடே மேலே ஏறிவிடும் என்றார்கள். 1975இல் அமெரிக்காவில் வேலையின்மை 9 சதவீதத்தைத் தொட்டபோது பணவீக்கமும் 9 சதவீதத்துக்கு மேல் இருந்தது. மறுவருடம் லூக்காஸ் என்ற பொருளியலாளர் அதைப் பொதுவாக்கினார்: கொள்கை மாறினால் மக்களின் நடத்தையும் மாறும், ஆகவே பழைய தரவில் கிடைத்த தொடர்பை வைத்துப் புதுக் கொள்கையைக் கணிக்க முடியாது. இங்கேயும் அதே கேள்விதான். எதிர்பார்க்கும் பணவீக்கத்தைப் பிடித்து வைத்தால் கோடு சரிகிறது, அதை அசையவிட்டால் நீண்டகாலத்தில் செங்குத்தாக நிற்கிறது.

“ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தைத்தானே அறிவிக்கிறது, எல்எம் எதற்கு?” என்றும் கேட்டிருந்தீர்கள். சரியான கேள்வி. (ரெப்போ என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் தரும் வட்டி.) 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நம் பணக் கொள்கையின் இலக்கு சில்லறைப் பணவீக்கம் 4 சதவீதம், இரண்டு பக்கமும் 2 புள்ளி இடம். ஆறு பேர் குழு வட்டியைத் தீர்மானிக்கிறது, பண அளவு அதற்கேற்ப அமைகிறது. மேலே போட்ட கணக்கில் முதல் உலகமும் மூன்றாம் உலகமும்தான் இன்றைய நடைமுறைக்கு நெருக்கம், பண அளவை நிலையாக வைக்கும் இரண்டாம் உலகம் பாடத்தில்தான் அதிகம் வாழ்கிறது. அதனால் புதிய பாடப்புத்தகங்கள் சில எல்எம்மை விட்டுவிட்டு மத்திய வங்கியின் வட்டி விதியை, அதாவது நிலைமைக்கேற்ப அது வட்டியை எப்படி வைக்கும் என்பதை, அந்த இடத்தில் வைக்கின்றன. 1937இல் அந்தப் படத்தை வரைந்த ஹிக்ஸே பிற்காலத்தில் அதை வகுப்பறைக் கருவி என்ற அளவில்தான் மதித்தார். உங்கள் வினாத்தாளில் எல்எம் இருந்தால் படித்துத்தான் ஆக வேண்டும், ஆனால் நாளிதழைப் படிக்கும்போது வட்டி விதியை மனதில் வைத்துப் படியுங்கள். 2022 மே மாதம் வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல் ரெப்போவை 4லிருந்து 4.4 ஆக்கி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 வரை கொண்டுபோனார்கள். 2023 ஜூலையில் தக்காளி விலையால் பணவீக்கம் 7.4 சதவீதத்துக்கு ஏறியபோது 6.5ஐத் தொடவில்லை. ஏன் முதல் தடவை ஏற்றினார்கள், இரண்டாம் தடவை சும்மா இருந்தார்கள் என்று உங்கள் மாதிரியை வைத்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். தேவை கூடியதால் வந்த விலையேற்றமா, வரத்து குறைந்ததால் வந்ததா, அது எதிர்பார்ப்புக்குள் புகுந்ததா என்ற மூன்றையும் பிரிக்காமல் அந்தப் பக்கத்தை எழுத முடியாது.

திறந்த பொருளாதார அத்தியாயத்துக்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. இலங்கை 2019 கடைசியில் வாட் வரியை 15இலிருந்து 8 சதவீதமாக வெட்டியது. கொரோனாவில் சுற்றுலா வருமானம் நின்றது. ஆனாலும் டாலர் 200 ரூபாயை ஒட்டி நிற்க வேண்டும் என்று அந்நியச் செலாவணிக் கையிருப்பைக் கரைத்தார்கள். 2022 மார்ச்சில் பிடியை விட்டதும் இரண்டு மாதத்தில் டாலர் 350 ரூபாயைத் தாண்டியது. ஏப்ரலில் வட்டியை ஒரே நாளில் 7 புள்ளி ஏற்றினார்கள், அடுத்த சில நாளில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தருவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. மாற்று விகிதத்தைப் பிடித்து வைத்தால் வேறு எது அசைய வேண்டும் என்பதை முண்டெல்-ஃபிளெமிங் மாதிரி (ஐஎஸ்-எல்எம்மை வெளிநாட்டோடு கொடுக்கல் வாங்கல் உள்ள நாட்டுக்கு விரித்தது) சரியாகவே சொல்கிறது: கையிருப்பு அசையும், அது தீர்ந்தால் வட்டி அசையும். பெட்ரோல் வரிசையையும் எரிவாயுத் தட்டுப்பாட்டையும் அது சொல்லாது. தடையின்றி மூலதனம் ஓடும் சிறிய நாடு என்ற அனுமானமும் இலங்கைக்கு முழுசாகப் பொருந்தாது.

எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மேலே போட்ட கணக்கு, கொடுத்த அனுமானங்களுக்குள் உறுதி. வருமானம், செலவு, சேமிப்பு பற்றிய கணக்கியல் சமன்பாடுகள் எப்போதும் உறுதி, ஆனால் அவை எது எதற்குக் காரணம் என்று சொல்லாது, அதனால்தான் அவற்றை வைத்து வாதாடுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நீண்டகாலத்தில் பண அளவும் விலையும் சேர்ந்தே போகும் என்பதை, குறிப்பாக மிகை பணவீக்க நாடுகளில், ஏறக்குறைய எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் நிஜத்தில் பெருக்கி எவ்வளவு என்று கேட்டால் ஒன்றுக்குக் கீழே என்பவர்களும் உண்டு, ஒன்றரைக்கு மேல் என்பவர்களும் உண்டு. நம் எடுத்துக்காட்டில் வட்டி நிலையாக இருக்கும்போது வருகிற 5 பாடத்துக்கு மட்டும். பிலிப்ஸ் வளைகோடு இந்தியாவில் எவ்வளவு சரிவானது என்பதில் ஒப்புதல் இல்லை. வேலை இல்லை என்று சும்மா இருக்க வசதியில்லாமல் கிடைத்த கூலிக்குப் போகிறவர்கள் நிறைந்த நாட்டில் வேலையின்மை விகிதம் மந்தத்தைச் சரியாகக் காட்டுவதில்லை. 2012 அடிப்படை ஆண்டுச் சில்லறை விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் எடையே சுமார் 46 சதவீதமாக இருந்தது, அது மழையைப் பார்த்து நடக்கும், ரெப்போவைப் பார்த்து நடக்காது. இந்த மாதிரி இடங்களில் விடைத்தாளில் “இருக்கலாம்” என்று எழுதுவது பலவீனம் ஆகாது, காரணத்தோடு எழுதினால் நான் மதிப்பெண் போடுவேன்.

இனி கணிதம். மூன்று மாதம் தனியாகக் கால்குலஸ் படிக்கப் போக வேண்டாம், போனால் திரும்பி வர மனசு இருக்காது. தேவைப்படுவது கொஞ்சம்தான். இரண்டு மாறிகளில் இரண்டு நேர்கோட்டுச் சமன்பாடுகளைத் தீர்ப்பது பத்தாம் வகுப்புப் பாடம், மேலே நாம் போட்டது அவ்வளவே. அதையே எண்ணுக்குப் பதில் எழுத்து வைத்துத் தீர்க்கத் தெரிய வேண்டும், பலர் சறுக்குவது இங்கேதான். அடுத்து பார்ஷியல் டெரிவேட்டிவ், டோட்டல் டிஃபரன்ஷியல் இரண்டும். பெயர்தான் பயமுறுத்தும். எதைப் பிடித்து வைத்தோம், எதை அசையவிட்டோம் என்று இவ்வளவு நேரம் பேசியதைக் குறியீட்டில் எழுதும் முறைதான் அது. பிறகு லாக்: பெயரளவு ஜிடிபி 10 சதவீதமும் விலை 4 சதவீதமும் கூடினால் உண்மை வளர்ச்சி ஏறக்குறைய 6 என்று கழித்துச் சொல்லலாம், துல்லியமாகப் போட்டால் 5.77. இன்று எவ்வளவு நுகர்வது, நாளைக்கு எவ்வளவு என்று தெரிவு செய்யும் அத்தியாயத்துக்கு மட்டும் கட்டுப்பாட்டோடு உச்சம் காண்பது வேண்டும், அதை அந்த அத்தியாயம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

படிக்கும் முறையில் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு மாதிரியைப் படித்து முடித்ததும் படம் போடாமல், சமன்பாடும் எழுதாமல், யார் என்ன செய்தார்கள் என்று தமிழில் அரைப்பக்கம் எழுதுங்கள். பிறகு அதே கேள்வியை எண்களில் போடுங்கள். படம் கடைசியில் வரட்டும். தொடங்குவதற்கு ஒன்று தருகிறேன். மேலே உள்ள நாட்டில் மக்கள் பழையபடியே செலவழிக்கிறார்கள், நுகர்வின் 100 மாறவில்லை. அரசு செலவை 20 கூட்டி, வரியையும் அதே 20 கூட்டுகிறது. பற்றாக்குறை மாறாததால் வருமானமும் மாறாது என்றுதான் முதலில் தோன்றும். பண அளவு 700இல் நின்றால் வருமானம் 1635 வர வேண்டும், மத்திய வங்கி வட்டியை 4.5இல் பிடித்தால் 1645. இரண்டும் வந்துவிட்டால், முதல் நிலையில் முதலீடு எவ்வளவு குறைந்தது, ஏன் அவ்வளவு என்பதை எழுதிக் கீழே போடுங்கள், பார்க்கிறேன்.